ஒரே கார்ட்லெஸ் போனில் லேண்ட்லைனும் இன்டர்நெட் காலும்: என்ன வழி, எதில் கவனம் தேவை?

வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் வந்துவிட்டது. கூடவே ஒரு புது போன் நம்பரும் வந்துவிட்டது. ஆனால் உறவினர், வங்கி, டாக்டர், கேஸ் ஏஜென்சி என எல்லோரிடமும் இருப்பது பல வருடப் பழைய லேண்ட்லைன் நம்பர். அதை விடவும் மனசில்லை. ஹாலில் ஒரு போன், உள் அறையில் ஒரு போன் என வைத்துக்கொண்டு எது அடிக்கிறது என்று தேடி ஓடுவதைவிட, கையில் இருக்கும் ஒரே கார்ட்லெஸ் போனில் இரண்டையும் பேச முடியாதா?

முடியும். ஆனால் உங்கள் வீட்டில் எந்த லைன் இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். யோசிக்காமல் ஒயரை மாற்றிச் செருகினால் கருவி பாழாகலாம். அதைவிட முக்கியம், கரண்ட் போன நேரத்தில் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் எந்த போனும் வேலை செய்யாமல் போகலாம். இரண்டையும் தவிர்த்து எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எந்த லைன்?

லேண்ட்லைன் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இப்போது இரண்டு வகை.

ஒன்று, பழைய செம்புக் கம்பி இணைப்பு. தொலைபேசி நிலையத்திலிருந்து இரண்டு கம்பிகள் நேராக வீட்டுக்கு வரும். போனுக்குத் தேவையான மின்சாரமும், சுமார் 48 வோல்ட், அதே கம்பியில் நிலையத்திலிருந்தே வரும். அதனால்தான் அந்தக் காலத்து போன்கள் கரண்ட் இல்லாதபோதும் மணி அடித்தன.

இன்னொன்று, ஃபைபர் லேண்ட்லைன். பிஎஸ்என்எல் பாரத் ஃபைபர், ஜியோஃபைபர், ஏர்டெல் எல்லாமே இந்த வகையில் போன் வசதி தருகின்றன. சுவரில் மாட்டியிருக்கும் மோடம் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். அதன் பின்புறம் இன்டர்நெட் கேபிள் செருகும் துளைகளோடு, அவற்றைவிடச் சிறியதாக போனுக்கென்று ஒரு துளையும் இருக்கும். அதுதான் ஆர்ஜே11. பக்கத்தில் போன் படம் போட்டிருக்கும். இந்த லைனில் உங்கள் குரல் டேட்டாவாக மாறி, ஃபைபர் வழியாக அந்த நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குப் போகிறது.

அதாவது, ஃபைபர் லேண்ட்லைன் வைத்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பது ஒருவகை இன்டர்நெட் கால்தான். அது மட்டுமே போதும் என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சாதாரண கார்ட்லெஸ் போனின் பேஸை அந்தத் துளையில் செருகினால் போதும். டயல் டோன் வரும், அவ்வளவுதான்.

செம்புக் கம்பி லைன், ஃபைபர் லைன் இரண்டும் இருந்தாலோ, லேண்ட்லைனோடு தனியாக ஓர் இன்டர்நெட் காலிங் கணக்கும் இருந்தாலோதான் கீழே சொல்லும் வழிகள் தேவைப்படும்.

பழைய நம்பரை ஃபைபருக்கு மாற்ற முடியாதா?

இந்தியாவில் நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி மொபைலுக்கு மட்டும்தான் இருக்கிறது, லேண்ட்லைனுக்கு இல்லை. பிஎஸ்என்எல் லேண்ட்லைன் நம்பரை வேறு நிறுவனத்தின் ஃபைபருக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் அதே பிஎஸ்என்எல்லின் ஃபைபருக்கு மாறும்போது பழைய நம்பரையே வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. உங்கள் பகுதி அலுவலகத்தில் முதலில் இதைக் கேளுங்கள். கிடைத்துவிட்டால் இரண்டு லைன் என்ற பிரச்னையே தீர்ந்துவிடும்.

வழி 1: இரண்டையும் ஏற்கும் கார்ட்லெஸ் பேஸ்

சில கார்ட்லெஸ் போன்களின் பேஸில் லேண்ட்லைன் துளையும் இன்டர்நெட் கேபிள் துளையும் சேர்ந்தே இருக்கும். கிகாசெட் நிறுவனத்தின் என்300 ஐபி இந்த வகை. லேண்ட்லைன் ஒன்றோடு, ஆறு இன்டர்நெட் காலிங் கணக்குகள் வரை அதில் போட்டு வைக்கலாம். எந்த லைனில் கால் வந்தாலும் அதே ஹேண்ட்செட் மணி அடிக்கும். வெளியே பேசும்போது பச்சை பட்டனைச் சும்மா அழுத்தினால் ஒரு லைன், சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இன்னொரு லைன் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இந்த நிறுவனத்தின் இப்படிப்பட்ட மாடல்களில் உண்டு.

இங்கே இன்டர்நெட் காலிங் கணக்கு என்பது சிப் கணக்கு. இன்டர்நெட்டில் அழைப்பைத் தொடங்கி முடிக்கும் பொது நடைமுறைக்குத்தான் சிப் என்று பெயர். சர்வர் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு ஆகிய மூன்றையும் சேவை நிறுவனம் கொடுக்கும். அதை பேஸில் பதிந்தால் லைன் தயார்.

வாட்ஸ்ஆப் காலை இதில் பேசலாமா என்று பலரும் கேட்பார்கள். முடியாது. வாட்ஸ்ஆப் சாதாரண பயனர்களுக்கு இப்படி சிப் கணக்கு எதையும் தருவதில்லை.

வழி 2: கையிலிருக்கும் போனோடு ஓர் ஏடிஏ பெட்டி

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார்ட்லெஸ் போனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஏடிஏ என்ற சின்னப் பெட்டி ஒன்று போதும். சாதாரண போனை இன்டர்நெட் காலுக்கு ஏற்றதாக மாற்றுவது இதன் வேலை.

வாங்கும்போது இரண்டு பெயர்களைக் கவனியுங்கள். எஃப்எக்ஸ்எஸ் என்று போட்டிருக்கும் துளை போனுக்கு. எஃப்எக்ஸ்ஓ என்று போட்டிருக்கும் துளை சுவரிலிருந்து வரும் லேண்ட்லைனுக்கு. வெறும் எஃப்எக்ஸ்எஸ் மட்டும் இருந்தால் இன்டர்நெட் கால் மட்டும்தான் கிடைக்கும். இரண்டையும் ஒரே போனில் பேச எஃப்எக்ஸ்ஓவும் இருக்க வேண்டும். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி813 மாடலில் இரண்டும் தலா ஒன்று இருக்கிறது. அதே நிறுவனத்தின் எச்டி802 மாடலில் இருப்பது இரண்டு எஃப்எக்ஸ்எஸ், லேண்ட்லைனை அதில் செருக முடியாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் ஆன்லைனில் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இணைக்கும் முறை எளிது. ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் ஏடிஏவுக்கு. சுவரின் லேண்ட்லைன் ஒயர் எஃப்எக்ஸ்ஓவுக்கு. கார்ட்லெஸ் பேஸ் எஃப்எக்ஸ்எஸ்ஸுக்கு. போனை எடுத்து நேராக நம்பர் போட்டால் இன்டர்நெட் வழியாகப் போகும். லேண்ட்லைனில் போக வேண்டும் என்றால் முதலில் ஒரு குறியீடு அழுத்த வேண்டும். எச்டி813-ல் ஆரம்பத்திலேயே அமைத்திருப்பது ஸ்டார் 00. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பெட்டியில் இன்னொரு நல்ல வசதி உண்டு. கரண்ட் போனால் லேண்ட்லைனைத் தானாகவே போனோடு நேரடியாக இணைத்துவிடும். ஆனால் கார்ட்லெஸ் பேஸுக்கே கரண்ட் இல்லாதபோது இதனால் பயனில்லை. ஒயர் உள்ள சாதாரண போன் ஒன்று செருகியிருந்தால்தான் இது கைகொடுக்கும்.

வழி 3: இரண்டு லைன் கார்ட்லெஸ் போன்

பெரிதாக செட்டிங்ஸ் எதையும் தொட விருப்பமில்லை என்பவர்களுக்கு இது சுலபம். இரண்டு லைன் வசதியுள்ள போனில் முதல் துளையில் செம்புக் கம்பி லைன், இரண்டாவது துளையில் ஓஎன்டியிலிருந்து வரும் லைன். போனைப் பொறுத்தவரை இரண்டுமே சாதாரண லேண்ட்லைன்தான். லைன் 1, லைன் 2 பட்டனில் எதை வேண்டுமோ அதைத் தட்டலாம். சிக்கல் என்னவென்றால், இந்தியக் கடைகளில் இந்த வகை கார்ட்லெஸ் போனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வழி 4: மொபைலை ப்ளூடூத்தில் இணைக்கும் கார்ட்லெஸ்

பானாசோனிக்கின் சில மாடல்களில் மொபைலை ப்ளூடூத் மூலம் பேஸோடு இணைக்கலாம். மொபைலுக்கு வரும் கால் வீடு முழுக்க உள்ள ஹேண்ட்செட்டுகளில் அடிக்கும். மொபைலில் வைஃபை காலிங் போட்டிருந்தால், சிக்னல் எட்டாத வீட்டிலும் அந்தக் கால் இன்டர்நெட் வழியாக வந்து கார்ட்லெஸ்ஸில் ஒலிக்கும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் வைஃபை காலிங்கைத் தொடங்கின. இதற்குத் தனிக் கணக்கோ ஏடிஏவோ வேண்டாம். ஆனால் மொபைல் வெளியே போனால் அந்த லைனும் கூடவே போய்விடும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கான போன் என்றால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்டர்நெட் டெலிபோனி இந்தியாவில் 2002 ஏப்ரலில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அப்போது கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், சிப் கருவிகள் ஒன்றோடொன்று பேசலாம். இன்டர்நெட்டிலிருந்து இந்தியாவுக்குள் இருக்கும் சாதாரண போனுக்கு அழைக்க அனுமதி இல்லை.

2017 அக்டோபரில் டிராய் புதிய பரிந்துரைகளைக் கொடுத்தது. அதன்பின் 2018-ல் தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தெளிவாக்கியது. முறையான உரிமம் உள்ள தொலைபேசி நிறுவனங்கள் இன்டர்நெட் வழியாக இந்திய நம்பர்களுக்கு அழைக்கும் சேவையைத் தரலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலையில் பிஎஸ்என்எல் ஆண்டுக்கு ரூ.1,099 கட்டணத்தில் விங்ஸ் என்ற சேவையை அறிவித்தது அப்படித்தான்.

ஆகவே இந்திய நம்பர்களுக்குப் பேச சிப் கணக்கு வாங்கினால், கொடுப்பது உரிமம் பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். ஆன்லைனில் மலிவு விலையில் யாரோ விற்கும் இந்திய நம்பர்கள் வேலைக்கு ஆகாது, வம்பும் வரும்.

இன்னொரு எச்சரிக்கை. எஃப்எக்ஸ்ஓ உள்ள கருவிகளால், இன்டர்நெட்டில் வரும் காலை உங்கள் லேண்ட்லைனுக்குள் திருப்பிவிடவும் முடியும். வெளிநாட்டிலிருந்து வரும் காலை இப்படி உள்ளூர் காலாக மாற்றி மற்றவர்களுக்கு அனுப்புவது சட்டவிரோதத் தொலைபேசி நிலையம் நடத்துவதற்குச் சமம். இதற்காகக் கைது நடவடிக்கைகளும் நடக்கின்றன. உங்கள் வீட்டில் நீங்கள் ஒரே ஹேண்ட்செட்டில் இரண்டு லைன்களைத் தனித்தனியாகப் பேசுவது வேறு, லைன்களை ஒன்றோடொன்று கோத்து விடுவது வேறு. அந்த வசதியை செட்டிங்ஸில் அணைத்தே வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் போன் வேண்டாம்

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் கார்ட்லெஸ் போனில் டெக்ட் 6.0 என்று எழுதியிருந்தால் அதை இங்கே பயன்படுத்தாதீர்கள். அமெரிக்க மாடல்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இந்தியாவில் மொபைல் போன்கள் டவருக்கு சிக்னல் அனுப்பும் 1920 – 1980 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் அது வருகிறது. உங்கள் வீட்டு போன் அக்கம்பக்கத்து மொபைல் சேவையைக் கெடுக்கும். அதோடு அங்குள்ள அடாப்டர் 110 வோல்ட்டுக்கானதாக இருந்தால், நம் 230 வோல்ட்டில் செருகிய உடனே புகைந்துவிடும்.

இந்தியாவில் விற்கும் டெக்ட் மாடல்கள் 1880 – 1900 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. வைஃபையோடு மோதாது. சில பழைய மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும், அது வைஃபையும் பயன்படுத்தும் அலைவரிசை. ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் வரும், அதனால் சில அடி தள்ளி வையுங்கள்.

இதே டெக்ட் தொழில்நுட்பத்தை வைத்துத்தான் 1990-களில் சென்னை ஐஐடியின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவும் மிடாஸ் நிறுவனமும் சேர்ந்து, கம்பி இழுக்க முடியாத கிராமங்களுக்கு போன் கொடுக்க கார்டெக்ட் என்ற அமைப்பை உருவாக்கின.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

இதைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். ஃபைபர் லைனில் நிலையத்திலிருந்து மின்சாரம் வராது. கரண்ட் போனால் ஓஎன்டி அணையும். தனி ரவுட்டர், ஏடிஏ இருந்தால் அவையும் அணையும். கார்ட்லெஸ் பேஸும் அணையும். இதில் ஏதாவது ஒன்று நின்றாலும் போன் இல்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், இவை எல்லாம் செருகியிருக்கும் பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் வாங்கலாம். வாங்கும் முன் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பாருங்கள். பல ஓஎன்டிகள் 12 வோல்ட். கார்ட்லெஸ் பேஸ் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வோல்ட்டில் ஓடும். பின் பொருந்துகிறதே என்று 12 வோல்ட் ஒயரை பேஸில் செருகினால் பேஸ் போய்விடும்.

செம்புக் கம்பி லைன் இன்னும் இருக்கிறது என்றால், ஒயர் உள்ள ஒரு பழைய போனை அதிலேயே விட்டுவையுங்கள். எல்லாம் அணைந்த நேரத்தில் அது ஒன்றுதான் பேசும்.

அவசர அழைப்பு எந்த லைனில் போக வேண்டும்?

112, 108 போன்ற எண்கள் எப்போதும் உள்ளூர் லேண்ட்லைன் வழியாகப் போகும்படி அமைத்து வையுங்கள். இன்டர்நெட் கணக்கை உலகின் எந்த மூலையிலிருந்தும் பயன்படுத்தலாம் என்பதால், அழைப்பவர் இருக்கும் இடம் மறுமுனைக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. டிராய் தன் 2017 பரிந்துரையில் இன்டர்நெட் டெலிபோனிக்கு அவசர அழைப்பு வசதியைக் கட்டாயமாக்கவில்லை. அந்தக் குறைபாட்டை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்றது.

எல்லாம் இணைத்து முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவரையே உங்கள் மொபைலுக்கு அழைக்கச் சொல்லுங்கள். அவரால் தானாகச் செய்ய முடிந்தால்தான் ஏற்பாடு சரி. லைன் மாற்ற எந்த பட்டன் என்பதை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி பேஸின் மேல் ஒட்டிவிடுங்கள்.

இணைக்கும்போது செய்யக்கூடாத தவறு

வீடு முழுக்க எல்லா அறைகளுக்கும் ஏற்கெனவே போன் ஒயர் ஓடியிருக்கும். ஓஎன்டி அல்லது ஏடிஏவின் போன் துளையை அந்த ஒயரில் இணைத்துவிட்டால் எல்லா அறையிலும் போன் வருமே என்று தோன்றும். வரும்தான். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பி அதே ஒயரில் இன்னும் இணைந்திருந்தால், இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வந்து மோதும். கருவியின் போன் போர்ட் போய்விடலாம். வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பழைய கம்பியை முழுவதும் பிரித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

கார்ட்லெஸ் போனில் அந்த வேலையே தேவையில்லை. பேஸ் ஓரிடத்தில் இருந்தால் போதும், மற்ற அறைகளுக்குக் கூடுதல் ஹேண்ட்செட் வைத்துக்கொள்ளலாம். டெக்ட் போன்களின் எல்லை வீட்டுக்குள் சுமார் 50 மீட்டர். சுவர்கள் கனமாக இருந்தால் அது குறையும்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

ஒரு பக்கம் பேசுவது மட்டும் கேட்கிறதா? பெரும்பாலும் ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற வசதி ஆன் செய்திருப்பதுதான் காரணம். உதவுவதற்காக வைத்த வசதி, பல நேரம் உபத்திரவம்தான் செய்கிறது. அணைத்துப் பாருங்கள்.

குரல் விட்டு விட்டு வருகிறதா? ஒரு காலுக்கு, நல்ல தரத்தில் பேசினாலும், போகவும் வரவும் தலா 100 கேபிபிஎஸ் அளவுகூடத் தேவையில்லை. அதனால் பிளானை மாற்றுவதால் பயன் இருக்காது. வீட்டில் யாராவது பெரிய ஃபைலை அப்லோடு செய்துகொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ரவுட்டரில் போன் கால்களுக்கு முன்னுரிமை தரும் க்யூஓஎஸ் செட்டிங் இருந்தால் போடுங்கள். ஏடிஏவை வைஃபையில் அல்லாமல் கேபிளில் இணையுங்கள்.

வங்கிக்கு போன் செய்து 1-ஐ அழுத்தினால் ஏற்கவில்லையா? பட்டன் ஒலியை அனுப்பும் முறையை ஏடிஏவில் ஆர்எஃப்சி 2833 என்று மாற்றுங்கள்.

அழைப்பவர் நம்பர் தெரியவில்லையா? காலர் ஐடி அனுப்பும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஏடிஏ அமெரிக்க முறையில் இருந்தால் இங்குள்ள போன் அதைப் புரிந்துகொள்ளாமல் போகலாம். காலர் ஐடி பட்டியலில் இருக்கும் மற்ற முறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

மொபைலுக்கு அழைத்தால் போகவில்லையா? 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். சில சிப் சேவைகளோ 91 சேர்க்கச் சொல்லும். போன்புக்கில் ஒரே நம்பரை இரண்டு விதமாகச் சேமிப்பதற்குப் பதில், ஏடிஏவின் டயல் பிளானில் 0-வை 91 ஆக மாற்றும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் தொல்லை இல்லை.

கடைசியாக, ஏடிஏவோ இன்டர்நெட் பேஸோ வாங்கியவுடன் அதனோடு வரும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் வெளியாள் உள்ளே நுழைந்து உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசி, பில்லை உங்கள் தலையில் கட்டிவிட முடியும். முன்பணம் கட்டும் கணக்கு என்றால் சிறு தொகையாக மட்டும் போட்டு வையுங்கள்.

யாருக்கு எது சரி?

ஃபைபர் லேண்ட்லைன் மட்டும் இருந்தால், சாதாரண கார்ட்லெஸ் போனும் ஒரு மினி யுபிஎஸ்ஸும் போதும்.

செம்புக் கம்பி லைனோடு சிப் கணக்கும் இருந்தால், நல்ல நிலையில் உள்ள போனோடு எஃப்எக்ஸ்ஓ உள்ள ஏடிஏ. புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஏற்கும் பேஸ்.

செம்புக் கம்பி, ஃபைபர் இரண்டு லைனும் இருந்தால், முதலில் பழைய நம்பரை ஃபைபருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் இரண்டு லைன் கார்ட்லெஸ். அதுவும் கிடைக்கவில்லையா? எஃப்எக்ஸ்ஓ உள்ள ஏடிஏவில் செம்புக் கம்பியைச் செருகி, ஃபைபர் நிறுவனம் சிப் விவரங்களைத் தருமா என்று கேட்டுப் பார்க்கலாம். தர மறுத்தால், ஃபைபர் நம்பருக்கு வரும் கால்களைப் பழைய நம்பருக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங் வசதியைக் கேளுங்கள். பேசுவது ஒரே போனில் என்றாகிவிடும்.

எந்த வழியாக இருந்தாலும் பெட்டியைப் பிரிக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்திருங்கள். கரண்ட் இல்லாதபோது எந்த போன் பேசும்? 112 எந்த லைனில் போகும்? இந்த இரண்டும் தெளிவாக இருந்தால், மற்றதைப் பிறகு நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.